முப்பதாயிரம் அடிக்குக் கீழே ஒரு கொல்லை

சொலாஞ்ச் விட்லாக்குக்கு அம்மாவிடமிருந்து கடைசியாக வந்தது செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம். இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அம்மா அந்த இருபத்தைந்தைக்கூட முழுதாகச் செலவழிக்கவில்லை. நலம், முயல்களும் நலம், பிளம்ஸ் நிறையக் காய்த்தது, மாப்பிள்ளையின் இருமலைக் கவனி, கவலைப்படாதே என்று எழுதியிருந்தாள். ஏழு மாதம் எங்கெங்கோ சுற்றி அந்தத் தாள் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது 1942 பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

அவள் பிறந்தது பிரான்சில், லுவார் நதிக்குத் தெற்கே வெர்னியேர் என்ற சின்ன ஊரில். அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போதே போய்விட்டார். அம்மாவும் அவளும் ஊரின் கிழக்கு ஓரத்தில், சாம்பல் நிறக் கூரை போட்ட வீட்டில் இருந்தார்கள். கொல்லை போய் முடிகிற இடத்தில் விமானத் திடலின் முள்கம்பி வேலி. அந்தக் காலத்தில் அங்கே நாலு பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பறந்து விளையாடுவார்கள். பழுது பார்க்க ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சொலாஞ்ச் இருபத்து நாலு வயதில் ரெடிங் நகரத்துப் பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போனாள். அங்கே பூகோள வாத்தியார் ஹ்யூ விட்லாக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். போர் வந்ததும் ஹ்யூ ராணுவத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் போனார், பிறகு இத்தாலிக்கு. அவள் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தாள்.

சேரும்போது ஒரு பரீட்சை வைத்தார்கள். வானத்திலிருந்து ஒரே இடத்தை இரண்டு நாளில் எடுத்த இரண்டு படங்கள். என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார்கள். அவள் ஏழு மாற்றம் சொன்னாள். கேட்டவருக்குத் தெரிந்தது ஐந்துதான். அந்த வாரமே அவளைத் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பெரிய மாளிகைக்கு அனுப்பினார்கள். மாளிகையைச் சுற்றிப் புல்வெளியெல்லாம் மரக்கொட்டகைகள். எதிரி நாட்டுக்கு மேல் தனியாகப் பறந்துபோய் விமானிகள் எடுத்துவரும் படங்கள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கம்பிக் கால்களில் நிற்கும் இரட்டைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், தட்டையாகக் கிடந்த ஊர் சட்டென்று எழுந்து நிற்கும். சிமினிகள் கண்ணைக் குத்துவதுபோல் நீட்டிக்கொண்டு வரும். அவள் பிரிவின் வேலை எதிரியின் விமானத் திடல்களும் விமானத் தொழிற்சாலைகளும். எத்தனை நிற்கின்றன, எந்த வகை, புதிதா பழுதுக்கு வந்ததா என்று எண்ணி எழுத வேண்டும். அந்தத் தாள்கள் மேலே மேலே போய், ஒருநாள் நூறு, இருநூறு கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிப் போகும்.

1943 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மேஜைக்கு வந்த பெட்டியில் வெர்னியேர் இருந்தது.

முதலில் அவள் ஊரின் பெயரைப் பார்க்கவில்லை. ரயில் பாதை வளைவதையும், கால்வாய் அதைக் குறுக்கே வெட்டுவதையும் பார்த்தாள். கண்ணாடியை நகர்த்தினாள். தேவாலயம், சந்தைத் திடல், பள்ளிக்கூடம், கிழக்கே போகும் வண்டிப்பாதை. அதன் கடைசியில் ஒரு நகக்கண்ணில் பாதிகூட இல்லாத சாம்பல் கூரை. கூரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. இன்னும் பெரிதாகக் காட்டும் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அது கொடியில் காயும் துணி.

இரண்டு வருடமாக உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ என்று தெரியாத அம்மா துணி துவைத்துப் போட்டிருக்கிறாள்.

பழைய தகரக் கொட்டகை இப்போது ஆறு பெரிய பட்டறைகளாகியிருந்தது. பிரான்சைப் பிடித்திருந்த ஜெர்மன்காரன் அடிபட்ட சண்டை விமானங்களை அங்கே கொண்டுவந்து பழுது பார்த்தான். அதனால் மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை படம் வந்தது. வந்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசிக் கால் மணி நேரத்தை அவள் கொல்லைக்கென்று எடுத்துக்கொள்வாள். ஜூனில் அவரைக்காய் போட்டிருந்தது தெரிந்தது. அம்மா எப்போதும் பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் போடுவாள். இந்த முறை வீட்டிலிருந்து வேலியை நோக்கி நீள நீளமாகப் போட்டிருந்தது. மூட்டுவலிக்கு நேராக நடந்து தண்ணீர் ஊற்ற இதுதான் வசதி என்று அவளே காரணம் சொல்லிக்கொண்டாள். ஆகஸ்டில் முயல் கூண்டு இரண்டு கூடியிருந்தது. போர்க்காலத்தில் இறைச்சிக்கு என்ன செய்வாள், கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ஹ்யூவுக்கு எழுதும் கடிதத்தில் இதில் ஒரு வார்த்தை எழுத முடியாது. அம்மா நலம் என்று எனக்குத் தோன்றுகிறது என்று மட்டும் எழுதினாள். ஏதோ கனவு கண்டிருக்கிறாள் என்று ஹ்யூ நினைத்துக்கொண்டார்.

அக்டோபரில் வந்த படத்தை அவளுக்கு முன்னால் இன்னொருவர் பார்த்து, திடல் காலி, வடக்கே பழத்தோட்டம், வேறொன்றும் இல்லை என்று குறித்திருந்தார். சரிபார்க்க அவளிடம் வந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள். திடலுக்கு வடக்கே இருப்பது புவாசோ என்ற விவசாயியின் பீட்ரூட் வயல். அதில் ஒரு மரம்கூடக் கிடையாது என்பது அங்கே வளர்ந்தவளுக்குத்தான் தெரியும். உற்றுப் பார்த்தாள். மரங்களுக்கெல்லாம் ஒரே உயரம். புல்லில் சக்கரத் தடம் போய் மரத்தடியில் மறைகிறது. எஞ்சினை ஓட்டிப் பார்த்ததில் பின்பக்கப் புல் விசிறிபோல் கருகியிருக்கிறது. கம்பத்தில் வலை கட்டி, அதன் மேல் இலை தழையைப் போட்டு விமானங்களை ஒளித்திருந்தார்கள். எண்ணினாள். இருபத்திரண்டு.

பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. டப்பா இறைச்சியும் வேகவைத்த கோஸும். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பழத்தோட்டம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை; அந்த வீட்டின் மேல் குண்டு விழாது. இருபத்திரண்டு என்று எழுதினால் இனி வாரத்துக்கொரு படம் வரும், வாரா வாரம் கொல்லையைப் பார்க்கலாம், பிறகு ஒருநாள் குண்டுக்காரர்கள் போவார்கள். அந்த மாதம்தான் ஒரே நாளில் அறுபது அமெரிக்க விமானங்கள் திரும்பாமல் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். அவர்களைச் சுட்டு வீழ்த்துகிற மாதிரி விமானங்கள்தான் அம்மாவின் வேலிக்கு அந்தப் பக்கம் சரியாகிக் கிளம்பிக்கொண்டிருந்தன.

தட்டைத் தொடாமலே திரும்பி வந்து இருபத்திரண்டு என்று எழுதினாள். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர் கிம்பரிடம் போனாள். கிம்பர் போருக்கு முன்னால் பழங்காலப் புதைமேடுகளைத் தேடித் திரிந்தவர், அதிகம் பேசமாட்டார். அவள் தாளை வைத்துவிட்டு, படத்தில் விரலை வைத்தாள்.

“வேலிக்கு இந்தப் பக்கம் சாம்பல் கூரை தெரியுதே, அது எங்க அம்மா வீடு சார்.”

கிம்பர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். “எத்தனை நாளா சொல்லாம வெச்சிருக்கீங்க?”

“அஞ்சு மாசமா.”

“ஒழுங்குப்படி பார்த்தா இந்த ஊரை உங்க கையிலேருந்து வாங்கி வேற ஆள்கிட்ட குடுக்கணும் மிஸஸ் விட்லாக். தெரியுமில்ல?”

“தெரியும் சார். குடுத்தீங்கன்னா அவங்க பழத்தோட்டம்னு எழுதுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை என்றாலும் மீசை அசைந்தது. அம்மா தெரிகிறாளா என்று கேட்டார். துணி தெரிகிறது, போன புதன்கிழமை இரண்டு போர்வை காயப்போட்டிருந்தாள் என்றாள் சொலாஞ்ச். ஊர் அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்றே இன்னொன்றும் செய்தார். குடியிருப்பு எந்தப் பக்கம், ஊர் வழக்கப்படி பட்டறையில் பகல் சாப்பாட்டுக்கு எந்த நேரம் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருவார்கள், கால்வாயைப் பிடித்துக்கொண்டே வந்தால் தவறி விழுகிற குண்டு சதுப்பில் விழும் என்றெல்லாம் அவளை ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அறிக்கையோடு சேர்த்து அனுப்பினார். மேலே அதை யாராவது படித்தார்களா என்பது கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வாரா வாரம் வீட்டைப் பார்த்தாள். பனி பெய்த நாளில் கூரையில் ஓரிடம் மட்டும் கறுப்பாக இருந்தது. அடுப்பு எரிகிறது, புகைபோக்கியைச் சுற்றிப் பனி உருகியிருக்கிறது. அந்தக் கறுப்பைப் பார்க்கும்போது அவளுக்கு முழங்கையிலிருந்து விரல்வரை சூடு ஏறும். அம்மாவின் பெரிய இரும்புப் பாத்திரத்தில் பன்றிக் கொழுப்பில் முட்டைக்கோஸ் வதங்கும் வாசம் அந்த மரக்கொட்டகையில், சக ஆட்களின் சிகரெட் புகைக்கு நடுவே, மூக்கில் ஏறும். இத்தனை கிட்டத்தில் தெரிகிறாள், ஒரு குரல் கொடுக்க வழியில்லை.

1944 மார்ச்சில் ஒரு தெளிந்த நாள் காலை நாலு எஞ்சின் விமானங்கள் தெற்கு நோக்கிப் போகும் சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்தது. எங்கே போகின்றன என்று யாரும் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. இரண்டாம் நாள் ஒரு பெட்டி வந்தது. கிம்பரே கையில் எடுத்துவந்து, வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஆறு பட்டறையில் ஐந்துக்குக் கூரை இல்லை. திடல் முழுக்க அம்மைத் தழும்பு. பொய்ப் பழத்தோட்டம் எரிந்துபோய், அடியில் விமானங்களின் எலும்புக்கூடு தெரிந்தது. குண்டுகளில் பெரும்பகுதி சதுப்பிலும் பட்டறையிலும் விழுந்திருந்தது. சந்தைத் திடலுக்குப் போகும் தெருவில் மூன்று. அந்தத் தெருவில் வீடு வீடாக யார் யார் என்று அவளுக்குத் தெரியும். கிழக்கு ஓரத்தில் சாம்பல் கூரை அப்படியே இருந்தது. கொடி காலியாக இருந்தது. சேதத்தைப் பட்டறை வாரியாக, அடிக் கணக்காக எழுதி முடிக்க அவளுக்கு நாலு மணி நேரம் பிடித்தது. எழுத்து எங்கும் கோணவில்லை என்று கிம்பர் பிறகு ஒருவரிடம் சொன்னாராம்.

நாலு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. அப்போதும் கொடியில் துணி இல்லை. அதோடு சரி. பட்டறை மறுபடி எழாது என்று முடிவானதும், வெர்னியேருக்குப் படமெடுக்கப் போக வேண்டியதில்லை என்று மேலிடம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. வேலை அத்தனை நன்றாக முடிந்திருந்தது.

சொலாஞ்ச் ஒரே ஒரு முறை வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அந்தப் பக்கம் போகிற யாராவது வழியில் ஒரு படம் எடுத்துவர முடியுமா என்று. கிம்பர் பைப்பை மேஜையில் வைத்தார்.

“துப்பாக்கிகூட இல்லாம தனியா போறாங்க அந்தப் பசங்க. கொடியில துணி காயுதான்னு பார்த்துட்டு வான்னு நான் எப்படிம்மா சொல்றது?”

அவர் அவளை அம்மா என்று அழைத்தது அந்த ஒரு தடவைதான். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினாள். பிறகு கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் பெட்டிகளைப் பிரிக்கும்போது, ரயில் பாதை எங்காவது வளைந்தால் கால்வாய் அதைக் குறுக்கே வெட்டுகிறதா என்று தேடினாள்.

செப்டம்பரில் வெர்னியேர் ஜெர்மன்காரன் பிடியிலிருந்து விடுபட்டது. தபால் ஓடத் தொடங்கிய முதல் நாளே அம்மாவுக்கு எழுதினாள். நவம்பரில் பதில் வந்தது. கையெழுத்து அம்மாவுடையதல்ல.

எழுதியவள் மரிவோன் லெஃப்ளோ. கடற்கரைத் துறைமுகமான லோரியாந்தில் வீடு குண்டில் போனதால் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டவள். 1943 பிப்ரவரியில் அவளையும் புருஷனையும் சொலாஞ்சின் அம்மாதான் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாளாம். மூன்று வாரத்தில் அம்மாவுக்கு மார்புச் சளி கண்டது. மார்ச் பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாள். மகளுக்குச் சொல்ல வழி தெரியாமல் இருந்தோம், மன்னிக்க வேண்டும், வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது.

சொலாஞ்ச் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் முதல் படத்தைப் பார்த்தது மே மாதம். பதினோரு மாதமாகக் கண் எரிய எரியப் பார்த்ததில் ஒரு துணிகூட, ஒரு பாத்திகூட அம்மாவுடையதல்ல. பனியை உருக்கிய அடுப்பும் வேறொருத்தி மூட்டியது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைய பெட்டியை எடுத்தாள். அழுகை அப்போது வரவில்லை. ஒரு வாரம் கழித்து, ரெடிங்கில் ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது வந்தது.

மறு வருடம் ஜூலையில், போர் முடிந்து அனுமதி கிடைத்ததும் ஊருக்குப் போனாள். கதவைத் திறந்த மரிவோன் அவளைவிட நாலைந்து வயது மூத்தவள், சிவந்த கைகள், நெட்டையான உடம்பு. வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறாள் என்று பயந்துபோய், வாசலிலேயே, அடுத்த மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துவிடுகிறோம் என்றாள். சொலாஞ்ச் உள்ளே வரலாமா என்று மட்டும் கேட்டாள். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து வறுத்த பார்லியில் போட்ட காப்பியைக் குடித்தார்கள். அம்மா கடைசியில் கஷ்டப்பட்டாளா என்று கேட்டாள். ரொம்ப இல்லை, முயல்களை எண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றாள் மரிவோன்.

“உங்க வீட்டுக்காரர் எங்கே?” என்று சொலாஞ்ச் கேட்டாள்.

“கொரான்தேனா? பட்டறையிலதான் வேலை பார்த்தாரு மதாம். போன வருஷம் மார்ச்சுல குண்டு போட்டானுங்களே, அன்னைக்கு சங்கு ஊதி எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒரு கீறல் இல்ல. அப்புறம் வேலை செய்ய இடமே இல்லாமப் போச்சு. சும்மா இருக்கிற ஆளுங்களை எல்லாம் ஜெர்மனிக்காரன் ரயில்ல ஏத்திட்டுப் போயிட்டான், அங்க இருக்கிற தொழிற்சாலைக்கு. ஒரே ஒரு அட்டை போட்டாரு. எல்லாரும் திரும்பி வர்றாங்க. வந்துருவாரு.”

மரிவோன் அதைக் குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. ஒருநாள் மழை பெய்தது, மறுநாள் ஆறு கரைபுரண்டது என்கிற மாதிரிதான் சொன்னாள். இங்கிலாந்தில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று பதிலுக்குக் கேட்டாள். ஆபீஸ் வேலை, காகிதம் பார்ப்பது என்றாள் சொலாஞ்ச். வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் அன்று அவளுக்கு வாய் எழுந்திருக்காது.

ஜெர்மனியிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் ரயில் தினமும் மாலை நாலரைக்கு வரும். அந்த இரண்டு வாரமும் இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். மரிவோன் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துண்டு ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு நிற்பாள். எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்குவார்கள். கூட்டம் கரைந்த பிறகு, முட்டையை உறவினர் யாரும் வராத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். பதினைந்தாம் நாள் அதே ஸ்டேஷனில் எதிர்த்திசை ரயிலேறிய சொலாஞ்ச், காலி செய்ய வேண்டாம், அவர் வந்தால் இந்த வீட்டைத்தான் தேடி வருவார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொரான்தேன் வரவில்லை. அவர் வேலை செய்த தொழிற்சாலையும் 1945 பிப்ரவரியில் குண்டில் போனது என்று இரண்டு வருடம் கழித்து ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு தாள் வந்தது. மரிவோன் கறுப்பு உடுத்தினாள். ஆனாலும் மாடியறையில் அவர் சட்டைகளை வெயிலில் காட்டி மடித்து வைப்பதை நிறுத்தவில்லை. சொலாஞ்ச் ஒவ்வொரு கோடையிலும் வந்து ஒரு மாதம் தன் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிப் போனாள். ஹ்யூ இருந்தவரை அவரும் வந்தார். இருவருக்குள்ளும் ‘மதாம்’ என்ற மரியாதை போய், ‘நீங்க’ போய், ‘வா போ’ என்றாகிவிட்டது. கல்லறையில் அம்மாவுக்கு இருவருமாகப் பூ வைப்பார்கள்.

1961ல், ஹ்யூ இறந்த மறு வருடம், கொல்லையில் பிளம்ஸ் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சொலாஞ்ச் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி, படங்கள், பொய்ப் பழத்தோட்டம், இருபத்திரண்டு என்று எழுதியது, நாலு எஞ்சின் சத்தம். உன் புருஷனை அந்த ரயிலில் ஏற்றியதில் என் கையும் இருக்கிறது என்றாள். மரிவோனின் கத்தி நின்றது. எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தப் படத்துல ஆளு தெரியுமா?”

“ஆளு தெரியாது. அவ்வளவு உயரத்துலேருந்து எப்படித் தெரியும்? காலை வெயில்ல நிழல் நீளமா விழுந்தா, நிழல் தெரியும்.”

“இந்தக் கொல்லையில பார்த்திருக்கியா?”

“ஒரே ஒரு தடவை. செப்டம்பர்ல. ரெண்டு நிழல். கூண்டுகிட்ட. அம்மாகூட பக்கத்து வீட்டுக்காரங்க யாரோன்னு நினைச்சேன்.”

மரிவோனிடம் லோரியாந்து வீட்டோடு எரிந்தது போக, புருஷனின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் படம் கிடைக்குமா என்று கேட்டாள். சொலாஞ்ச் இங்கிலாந்துக்குத் திரும்பியதும் லண்டனில் எந்தெந்த அலுவலகத்துக்கோ எழுதினாள். அவை வெளியாருக்குக் கொடுக்கப்படுவதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அடுத்த கோடையில் அந்தப் பதிலைக் காட்டிவிட்டு, அடுப்படி மேஜையில் ஒரு தாளை விரித்து, பென்சிலால் அவளே வரைந்தாள். கூரை, பிளம்ஸ் மரம், கொடி, கூண்டுகள், வேலி எல்லாம் எந்த இடைவெளியில் இருந்தன என்று பதினெட்டு வருடம் கழித்தும் அவள் கை அறிந்திருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

மரிவோன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

“குட்டையா இருக்கிறது அவரு. என் தோள் உயரம்தானே இருந்தாரு, ஊரே கேலி பண்ணும்.” அந்தக் கோட்டின் மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு என்ன சொல்லிட்டு வேலைக்குப் போனாருன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன். ஞாபகம் வரலை.”

தாளை மடிக்காமல் கொண்டுபோய் மாடியறைப் பெட்டியில், சட்டைகளுக்கு மேல் வைத்தாள். அன்று சாயங்காலம் இருவரும் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் திடலில் இப்போது கோதுமை விளைந்திருந்தது; புவாசோவின் மகன் அறுப்பு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தான்.